ஏழாம் நிரை

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த திருநாவுக்கரசின் மூக்கில் ரப்பர் பால் வாடை ஏறியது. காய்ந்துபோன ஒட்டுப்பாலின் நாற்றம் என்றால் அவன் கண்டுகொண்டிருக்க மாட்டான். பழைய சாக்கிலோ செருப்படியிலோ எங்கேயாவது ஒட்டிக் கிடந்து புழுக்கத்துக்குக் கிளம்பும். இது அப்படியில்லை. இப்போதுதான் சீவிய பட்டையிலிருந்து வழிந்து இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பாலின் வாடை, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்புமாக, ஆள் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி நெருக்கத்தில் அடித்தது. ரெட்டைமலைத் தோட்டத்தில் கடைசிப் பால் மரத்தைச் சாய்த்து மூன்று வருஷம் ஆகிறது. சுற்றிலும் இப்போது செம்பனைதான்.

ஜன்னலைத் திறந்து பார்த்தான். வெளியே புகை தவிர ஒன்றும் இல்லை. தொண்ணூற்றேழு செப்டம்பர் அது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ காடு எரிய, இந்தப் பக்கம் சிரம்பானிலும் செனாவாங்கிலும் ஜனங்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் மோட்டார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சூரியன் குங்குமப் பொட்டு அளவுக்குச் சுருங்கி, பார்த்தால் கண்கூடக் கூசாமல் தொங்கியது. அவன் ஜன்னலைச் சாத்தினான். வாடை வெளியிலிருந்து வரவில்லை.

அரசு என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வயது, செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், அந்த மாதம் இரவு சிப்ட். மனைவி பஞ்சாலை மந்தின் டவுன்காரி. தோட்டத்து மண்ணை மிதித்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவளுக்கு வேறொரு தொழிற்சாலையில் மத்தியான சிப்ட். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் தேறினால் பெரிது. அந்த நேரத்துக்காகவே அரசு மீதி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. வருஷக் கடைசியில் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு செனாவாங்கில் கல் வீட்டுக்குக் குடிபோவதாகப் பேச்சு. பஞ்சாலை இப்போதே திரைச்சீலைக்குத் துணி பார்த்து வைத்திருந்தாள்.

அவனுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலைந்து சிநேகிதர்கள் அவன் வீட்டில் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அவன் ஒரு கற்பனை நாட்டைச் சொல்லுவான். மற்றவர்கள் அந்த நாட்டில் வீரனாக, சூனியக்காரனாக, திருடனாக நடமாடுவார்கள். பூதத்தோடு மோதினால் ஜெயிப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு மணியத்துக்கு இதில் அவனைவிடப் பைத்தியம். புது நாடு ஒன்றை வருகிற ஞாயிறு திறப்பதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தான். செத்தவர்கள் ஆளும் நாடு. அதற்கு ஒரு நிலப்படம் வேண்டும், அதுவும் கையால் கிறுக்கியது இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது. எந்தப் புரோகிராமில் வரைவது என்பதில்தான் ஒரு வாரமாகப் பெண் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி ஆளாகியிருந்தான்.

மூன்று வந்திருந்தன. முதலாவது எட்டு டிஸ்கெட்டில் வந்தது. மலை, காடு, கோட்டை எல்லாவற்றையும் முத்திரை குத்துகிற மாதிரி குத்திவிடலாம், பார்க்க லட்சணம், ஆனால் பேர்களைப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கலவரம் செய்யும். இரண்டாவது மணியம் தன் தொழிற்சாலை வரைபடப் பிரிவிலிருந்து நகலெடுத்துக் கொடுத்தது. கோடு மயிரிழை பிசகாது, ஒரு மரம் வரைய மட்டும் அரை மணி நேரம் பிடிக்கும். மூன்றாவது இந்த விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்தது. கண்ணாடித் தாளை அடுக்குகிற மாதிரி ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்கலாம், வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். பேர்ப்பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், இடமில்லாமல் நிற்கிற பேருக்கு அதுவாகவே ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிடும்.

மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாமா? அதற்காக ஒரே படத்தை மூன்றிலும் வரைந்து பார்த்தான். அப்பாவின் தகரப் பெட்டியில் தோட்டத்தின் பழைய நிரைப் படம் இருந்தது. பால் மரங்கள் நின்ற காலத்தில் எந்த மர நிரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் துணித்தாள் படம். செத்தவர்களின் நாட்டுக்கு அதைவிட நல்ல வரைபடம் எங்கே கிடைக்கும்? கூடவே அப்பா ஆள் கணக்கெடுத்த பெரட்டுப் புத்தகமும் இருந்தது.

அப்பா சன்னாசி இருபது வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு நெற்றியில் விளக்குக் கட்டிய ஆட்களைப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அன்றைக்கு வெட்ட வேண்டிய நிரையைச் சொல்லுவார். கூப்பிட்டதும் "வந்தேங்கய்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. செத்துப்போனவர்களின் பேர்கள் அந்தப் புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. கற்பனையில் பேர் தேடி மண்டையை உடைத்துக்கொள்வானேன் என்று அந்த நாற்பத்தொரு பேரையும் நாற்பத்தொரு நிரைக்குக் காவலாகப் போட்டான். போடும்போது, அப்பாவின் ராகத்திலேயே பேரை உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் தட்டினான். செவ்வாய்க்கிழமை முதல் புரோகிராமில், வியாழக்கிழமை இரண்டாவதில், வெள்ளிக்கிழமை மூன்றாவதில்.

வெள்ளிக்கிழமை பஞ்சாலை அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மா. ஏழாம் நிரை" என்றான் அரசு.

"வந்தேங்கய்யா" என்றாள் அவள், தோட்டத்துப் பேச்சைக் கேலி செய்கிற குரலில்.

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அடுத்த பேரைத் தட்டுவதற்குள் வாடை வந்துவிட்டது.

*

சனிக்கிழமை காலை சிப்ட் முடிந்து எட்டு மணிக்கு மோட்டாரில் வந்தவன், லயத்து முனையில் குழாயடியில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தான். லயத்தில் இப்போது மிச்சமிருந்ததே நாலு வீடுதான். பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற வள்ளியம்மா, தனி ஆள். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிற முருகையா, பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்தது மணியம். கடைசியில் அரசு வீடு. மூன்று பேரும் குழாயடியில் நின்றார்கள், பஞ்சாலையைத் தவிர.

குழாய்க் கட்டையோடு லயத்து நாயைக் கட்டியிருந்தது. நிற்க வைத்து, முன்னங்கால் இரண்டையும் கட்டையை அணைக்கிற மாதிரி வளைத்துக் கட்டியிருந்தது. இடது தோளில் தொடங்கி வலது விலாவரை, விரல் அகலத்துக்குத் தோல் இல்லை. பிய்த்ததல்ல, கிழித்ததல்ல. மேலிருந்து சாய்வாக ஒரே சீராகச் சீவி எடுத்தது. சீவல் முடிகிற இடத்தில் தகரத் துண்டு ஒன்றைச் செருகி, அதன் கீழே கம்பியில் ஒரு மங்கு கட்டியிருந்தது. மங்கு விளிம்புவரை நிறைந்து, மேலே ஆடை படிந்திருந்தது.

கஞ்சா அடிக்கிற பையன்களின் வேலை என்று முருகையா வைதான். வள்ளியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அரசு குனிந்து அந்தச் சீவலைப் பார்த்தான். கஞ்சாக்காரன் கை இப்படி நடுங்காமல் போகாது. பட்டையை மட்டும் எடுத்து, உள்ளே கட்டையில் காயம் படாமல் வெட்டுகிற கைக்குப் பத்து வருஷப் பழக்கமாவது வேண்டும். அந்தச் சாய்வை அவன் சின்ன வயதில் ஆயிரம் மரங்களில் பார்த்திருக்கிறான். மண்வெட்டி எடுத்துவந்து நாயைப் புதைக்கக் கைகொடுத்தான்.

வீட்டுக்குள் பஞ்சாலை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதங்களில் ஈர மண். நேற்றிரவு வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு அவள் கையைப் பார்த்தான். விரல்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்து, தோல் உரிகிற மாதிரி ஓரங்களில் சுருண்டிருந்தது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான். நூலாக நீண்டு, பட்டென்று விட்டது. ஒட்டுப்பால்.

அவள் கண் விழித்தாள். "கனவுல நடந்துக்கிட்டே இருந்தேங்க" என்றாள். "காலெல்லாம் வலிக்குது. எவ்ளோ நீளம் தெரியுமா."

எது நீளம் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, விரலில் இருந்ததை உரித்து உரித்துச் சின்ன உருண்டையாக உருட்டத் தொடங்கினாள். ஒட்டுப்பாலை அப்படி உருட்டி மடியில் கட்டிக்கொள்வது பால் வெட்டுகிறவர்களின் பழக்கம். மந்தின் டவுனில் அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

அரசு எழுந்தான். போய்த் தகரப் பெட்டியைத் திறந்தான். அப்பாவின் பால் கத்தியைச் சுற்றி வைத்திருந்த துணி இருந்தது. கத்தி இல்லை.

*

அப்போதுதான் அவனுக்கு உள்ளங்கை நினைவு வந்தது. அம்மாவின் உள்ளங்கை. ஐந்து வயதில், பெரட்டுக்களத்தின் ஓரத்தில் இருட்டில் நிற்கும்போது, அம்மா அவன் வாயை மூச்சு முட்டுகிற அளவுக்குப் பொத்தியிருந்தாள். பக்கத்தில் மற்றப் பெண்களும் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள். தோட்டத்தில் யாராவது செத்தால், அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டில் மண்டோர் அந்தப் பேரை மூன்று தரம் கூப்பிடுவார். நூறு பேர் நிற்கும் களத்தில் ஒரு இருமல் கேட்காது. மூன்று தரமும் பதில் வரவில்லை என்றால், "பேர் கழிஞ்சது" என்று சொல்லி சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அதற்குப் பிறகு அந்தப் பேருக்குத் தோட்டத்தில் நிரை கிடையாது. கழிந்த பேருக்கு யாரும் மறந்துபோயும் குரல் கொடுத்துவிடக் கூடாது. அதுதான் பேச்சு.

அவனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தோட்டமே போய்விட்டது, இனிப் பெரட்டுக்கு என்ன விதி என்று அலட்சியமாக இருந்துவிட்டான். கழிந்த பேர்களை மூன்று தரம் கூப்பிட்டதும் அவன்தான். நிரை கொடுத்ததும் அவன்தான். மந்தின்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்காததும் அவன்தான்.

அன்றைக்குக் களத்தில் அப்பா கூப்பிட்ட பேர் செல்லம்மா.

அவளைப் பற்றிப் பிறகு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. தோட்டத்திலேயே நல்ல கை அவளுடையது. புருஷன் ராத்திரியெல்லாம் போட்டு மிதிப்பான். விடியலில் எழுந்து வர முடியாமல் மூன்று நாள் பெரட்டுக்குத் தாமதம். மூன்று நாளும் அப்பா நிரை கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். வீட்டுக்குப் போனால் வேலை இல்லாமல் வந்ததற்கும் சேர்த்து அடி. நாலாவது நாள் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். பேர் கூப்பிட்டதும் "வந்தேங்கய்யா" என்றாள். ஏழாம் நிரையை முழுசாக வெட்டி, பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கிணற்றில் போய் விழுந்தாள். அதற்குப் பிறகுதான் பழைய லயத்தில் அவள் வீட்டைத் திறந்து பார்த்தார்கள். புருஷன், மாமியார், கொழுந்தன். மூன்று பேரையும் சுவரோடு நிறுத்திக் கட்டியிருந்தது. அன்றைக்கு அந்தத் தோட்டத்து ரப்பர் ஷீட் ரோஜா நிறத்தில் வந்தது என்பார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டான். மூன்றாவது புரோகிராம். பழைய நிரைப் படத்தைக் கீழே வைத்து, இன்றைய லயத்தின் படத்தை மேலே அடுக்கினான். இந்த லயமே எண்பத்திரண்டில் ஒரு பக்கத்து மரங்களை அழித்துவிட்டுக் கட்டியதுதான். எந்த மரங்கள் என்று அவன் யோசித்ததே இல்லை. செல்லம்மா என்ற பேரைச் சுமந்துகொண்டு ஏழாம் நிரை தெற்கே ஆற்றங்கரையில் தொடங்கி, செம்பனைக் காட்டைக் கடந்து, நேராக வந்து லயத்துக்குள் நுழைந்தது. நிரையின் கடைசி ஐந்து மரங்கள். முதல் புள்ளி குழாயடி. இரண்டாவது வள்ளியம்மா வீடு. மூன்றாவது முருகையா. நாலாவது மணியம். கடைசி மரம், அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலி.

பேரைத் தேர்ந்து அழித்தான். அழிந்தது. ஒரு கணம் ஏழாம் நிரை வெறுமையாக நின்றது. பிறகு இடமில்லாத பேருக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் அந்தப் புரோகிராம், தன் சாமர்த்தியத்தைக் காட்டியது. செல்லம்மா. ஏழாம் நிரை. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. எந்த வசதிக்காக இந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க இருந்தானோ அதே வசதி. பிளக்கைப் பிடுங்கினான்.

மத்தியானம் மணியத்திடம் போய்ச் சொன்னான். மணியம் முழுக்கக் கேட்டுவிட்டு, நாய்ச் சங்கதியையும் கதையில் சேர்த்துவிட்டாயா, கெட்டிக்காரன்டா நீ என்று தோளில் தட்டினான். நாளைக்கு அந்தச் செல்லம்மாவோடு மோதுவதற்கு இரண்டு பகடை தனியாக எடுத்து வைக்கச் சொன்னான். முருகையா லோரி எடுத்துக்கொண்டு போயிருந்தான். வள்ளியம்மாவிடம் கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, அவள் அரசை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ராத்திரி வேலை உடம்புக்கு ஆகாது தம்பி என்றாள்.

போலீசுக்குப் போய் என்ன சொல்வது? என் பெண்டாட்டியைப் பூட்டி வையுங்கள் என்றா? பஞ்சாலை அன்றைக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், திரைச்சீலைக்கு மஞ்சளா பச்சையா என்று கேட்டாள். அவனுக்கு அழுகை வந்தது. மந்தினுக்கு அம்மா வீட்டுக்குப் போவோம் வா என்று கூப்பிட்டான். இந்தப் புகையில் மோட்டாரில் போனால் மூச்சே நின்றுவிடும், நாளைக்குப் போகலாம் லா என்றாள். அவனும் விட்டுவிட்டான். அதை நினைத்து மனம் நொந்துகொள்ள அவனுக்குப் பிறகு அதிக நேரம் இருக்கவில்லை.

படுக்கும்போது விளையாட்டு மாதிரி அவள் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டினான். "என்னங்க இது, ஓடியா போயிடுவேன்" என்று சிரித்துவிட்டு, அவன் தோளில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

*

பால் வாடையில்தான் விழித்தான். ஆறு மணியாகியிருந்தது. விடிந்திருக்க வேண்டும், புகை விடவில்லை. ஜன்னலில் அழுக்குச் சாம்பல் நிறம்.

பக்கத்தில் ஆள் இல்லை. துண்டு அவன் மணிக்கட்டில் தொங்கியது. வெட்டியிருந்தது. சாய்வாக, ஒரு நூல்கூடப் பிரியாமல்.

வெளியே, லயத்து முனையில், ஒரு விளக்கு தெரிந்தது. ஆள் நெற்றி உயரத்தில். புகையில் மஞ்சளாகக் கலங்கிய வெளிச்சம். அது அசையாமல் நின்றது. பத்து மூச்சு நேரம். பிறகு நகர்ந்தது. நாலு எட்டு நடந்து, மறுபடி நின்றது. மரத்துக்கு மரம் நின்று நின்று போகிற பால் விளக்கு அப்படித்தான் போகும். இப்போது மூன்றாவது இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது முருகையா.

வாசலுக்கு வந்து கத்த நினைத்தான். அதற்குள் விளக்கு நகர்ந்தது. மணியம் வீட்டுக் கதவுக்குள் போயிற்று. கதவு இடிபடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. உதவி கேட்கிற சத்தமாவது வரக்கூடாதா என்று காத்திருந்தான். சரக், சரக் என்று மட்டும் கேட்டது, யாரோ மாங்காய்த் தோல் சீவுகிற மாதிரி.

அவன் ஓடினான். பின்கட்டு வழியாக, முதலில் வள்ளியம்மா வீட்டுக்கு. தாழ் உள்பக்கம் போட்டபடியே இருந்தது; பின்பக்கப் பலகை இரண்டு பெயர்ந்திருந்தன. அவளை நடுத் தூணோடு நிறுத்திக் கட்டியிருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. காதுக்குக் கீழே தொடங்கி மார்பைக் குறுக்கே கடந்து இடுப்புவரை, விரல் அகலத்தில், சிவந்த பாதை. அதன் முடிவில் தகரத் துண்டு. கீழே மங்கு. ஒவ்வொரு சொட்டும் விழுகிற ஓசை தனித்தனியாகக் கேட்டது.

அந்த வீட்டை விட்டு வெளியே வந்தான். முருகையா வீட்டு வாசலில் மங்கு நிறைந்து, படி வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மணியம் வீட்டில் விளக்கு இல்லை. போய்விட்டிருந்தது.

மணியம் இருந்தான். சுவரில், கை விரித்து. உயிரோடு. கண் திறந்திருந்தது. பின்கழுத்திலிருந்து முதுகைச் சுற்றி வயிறுவரை ஒரு முழுச் சுற்று வெட்டியிருந்தது, முற்றிய மரத்துக்கு வெட்டுகிற மாதிரி. காலடியில் மங்கு. அரசு கட்டை அவிழ்க்கப் போனான். கம்பி. கை வழுக்கியது. சூடாக வழுக்கியது.

"அவுக்காதடா" என்றான் மணியம். முகத்தில் வலியே இல்லை. "உன் வீட்டுக்காரிக்குக் கை ரொம்ப லேசு, அரசு. தெரியவே இல்ல."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

இனி ஒரு மரம்தான் பாக்கி.

ஓடிப்போகலாம். மோட்டார் சாவி சட்டைப் பையில் இருந்தது. பத்து நிமிஷத்தில் பெரிய ரோடு. ஆனால் பஞ்சாலை? கத்தியோடு, அடுத்தவள் பேரோடு, இந்தப் புகைக்குள் அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மஞ்சள் திரைச்சீலை வாங்கலாம் என்று நேற்றுதான் முடிவு செய்தாள். அவளை விட்டுவிட்டுப் போக அவனால் முடியாது. அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே வழி. அப்பா செய்தது.

வீட்டுக்குள் வந்து பெரட்டுப் புத்தகத்தை எடுத்தான். பெட்டி மூலையில் சிவப்புப் பென்சில் துண்டு. நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்று தரமும் பதில் வரக் கூடாது. வராவிட்டால் பேர் கழிந்தது. செல்லம்மாவுக்கு நிரை இல்லை. பஞ்சாலை பஞ்சாலையாகத் திரும்பி வருவாள். கையில் இருப்பதைப் பார்த்து அலறுவாள். அலறட்டும். அவன் பிடித்துக்கொள்வான்.

"செல்லம்மா" என்று கூப்பிட்டான்.

புகை. மூச்சு. எங்கேயோ ஒரு சொட்டு.

பதில் இல்லை.

"செல்லம்மா."

காத்திருந்தான். நூறு எண்ணினான். வாசலில் ஒன்றும் இல்லை. பால் வாடைகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. பென்சிலைப் பேரின் மேல் வைத்தான். வாயைப் பொத்த அம்மா இல்லை. பரவாயில்லை. பதில் சொல்ல இங்கே யாரும் இல்லை. இன்னும் ஒரு தரம்.

"செல்லம்மா."

"வந்தேங்கய்யா."

பின்னாலிருந்து. காதுக்குப் பக்கத்தில். பஞ்சாலையின் குரல். அன்றைக்கு அடுப்படியிலிருந்து கேலி செய்த அதே குரல்.

நெற்றி விளக்கின் வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழுந்தது. பென்சில் உருண்டு கீழே போயிற்று. அவளுடைய கை அவன் தாடைக்கு அடியில் வந்து, முகத்தை மெதுவாக நிமிர்த்தியது. இன்னொரு கை அவன் நெஞ்சைச் சாண் போட்டு அளந்தது. இடது காதிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண். எவ்வளவு உயரத்தில் தொடங்கினால் பால் வீணாகாமல் இறங்கும் என்று பார்க்கிற அளவு. கம்பி அவன் இடுப்பைச் சுற்றி வந்து நாற்காலியோடு முறுக்கிக்கொண்டது. மங்கை அதில் மாட்டி, கோணல் இல்லாமல் நேராக்கினாள். காலடியில் வாளியை வைத்தாள். வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"பஞ்சாலை" என்றான்.

அந்தப் பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கத்தி காதுக்குக் கீழே பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. மணியம் சொன்னது நிஜம்தான். வலிக்கவில்லை. கழுத்திலிருந்து ஏதோ மெல்லிசாகச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. மங்கில் முதல் சொட்டு விழுந்த ஓசை கேட்டது. அவள் குனிந்து அந்த ஓசையைக் கேட்டுத் திருப்தியானவள் போல, விளக்கை வாசல் பக்கம் திருப்பினாள்.

வாசலுக்கு வெளியே, புகையில், நெற்றி உயரத்தில் மஞ்சள் வெளிச்சங்கள் வரிசை வரிசையாக நின்றன. செல்லம்மா போக மீதி நாற்பது விளக்குகள். இருமல் இல்லை, அசைவு இல்லை. எல்லாம் அவன் பக்கம் திரும்பி, அவன் மடியில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தபடி, தங்கள் நிரைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.